மாஸ்டரைக் கேளுங்கள்: பிஜியிடம் தோற்ற ஞாயிறு

கார்த்திகை மழை விட்டபாடில்லை. தபால்காரத் தம்பி கடிதங்களை நனைந்த அப்பளம்போலக் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போகிறார். இம்மாதம் வந்தவற்றில் முக்கால்வாசி இலங்கைக் கிரிக்கெட்டைத் திட்டுபவை. அவற்றில் ஒன்றுக்கு மட்டும் கடைசியில் பதில் சொல்கிறேன். சிட்னியிலிருந்து வந்த கடிதத்துக்கு இடம் கொஞ்சம் கூடப் போகும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

ச. இரவி, சிட்னி:
மாஸ்டர், நான் உவர்மலையில் பிறந்து உங்களிடம் உதைபந்து பழகியவன். சிட்னிக்கு வந்து முப்பது வருடமாகிறது. வேலைத்தள நண்பர்களிடமிருந்து தொற்றிய பழக்கம், அவுஸ்திரேலிய றக்பி அணி என்றால் எனக்கு உயிர். 1991 இலும் 1999 இலும் உலகக் கிண்ணம் வென்ற அணி இம்முறை, 2023 இல், பிரான்ஸில் பிஜியிடமும் வேல்ஸிடமும் தோற்று முதல் சுற்றோடு வெளியேறிவிட்டது. இதற்கு முன் இப்படி நடந்ததே இல்லை. பிஜி ஆட்டம் முடிந்தபோது பதினான்கு வயது மகனின் முன்னால் ரிமோட்டைச் சுவரில் எறிந்தேன். அன்றிலிருந்து அவன் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. என் கோபம் நியாயமா, பைத்தியமா?

பதில்: இரவி, உன்னை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. இடதுகாலால் உதைப்பாய், ஆனால் வலதுபுறம் நின்றுதான் விளையாடுவேன் என்று அடம்பிடிப்பாய். அப்போதும் கோபக்காரன்தான்.

செப்டெம்பர் 17, அந்த ஞாயிற்றுக்கிழமை, எனக்கும் மறக்காது. அன்று பிற்பகல் கொழும்பில் இலங்கைக்கும் இந்தியாவுக்கும் ஆசியக் கிண்ணக் கிரிக்கெட் இறுதிப்போட்டி. எங்கள் வீட்டு விறாந்தையில் பதினொரு பேர் கூடியிருந்தார்கள். மழையால் ஆட்டம் பிந்தித்தான் தொடங்கியது. மனைவி உள்ளே கடலை அவித்துக்கொண்டிருந்தாள். மொஹமட் சிராஜ் ஒரே ஓவரில் நான்கு பேரைத் திருப்பி அனுப்பினார். கடலையைத் தாளித்து அவள் வெளியே கொண்டுவந்தபோது அதை வாங்கக் கை நீட்டுவதற்கே யாருக்கும் மனமில்லை. இலங்கை 15.2 ஓவரில் 50 ஓட்டங்கள். இந்தியா 6.1 ஓவரில் ஒரு விக்கெட்டையும் இழக்காமல் முடித்துவிட்டது. விளக்கு வைக்கும் நேரத்துக்குள் எல்லாரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள். கடலை மிஞ்சியது.

இரவு ஒன்பதே காலுக்கு மருமகன் மடிக்கணினியைத் திறந்தான். உன் ஊரில் அப்போது திங்கட்கிழமை அதிகாலை ஒன்றே முக்கால். 'மாமா, இதையும் பார்ப்போமா?' என்றான். மிஞ்சிய கடலையோடு உட்கார்ந்தேன். ஒரே நாளில் இரண்டு நாட்டுக்காரரின் வயிற்றெரிச்சலையும் சுமந்த கிழவன் திருகோணமலையில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

நான் றக்பி பார்ப்பதற்குக் காரணம் என் அப்பா. அவர் கடற்படைத் தளத்தில் எழுதுவினைஞராக இருந்தார். 1957 இல் பிரித்தானியர் தளத்தைக் கையளித்துவிட்டுப் போனபோது எனக்கு ஏழு வயது. அதற்கு முன் சில மாலைகளில் அவருடைய தோளில் ஏறியிருந்து வெள்ளைக்கார மாலுமிகள் சேற்றில் புரண்டு விளையாடுவதைப் பார்த்திருக்கிறேன். அப்பாவுக்கு ஆட்டம் முழுதாக விளங்கியதாக எனக்குத் தோன்றவில்லை. ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்வார்: 'பந்தைக் கையால் முன்னால் எறியக் கூடாதாம். பின்னால் வருகிறவனுக்குத்தான் கொடுக்கலாமாம். முன்னால் போக வேண்டுமென்றால் சுமந்துகொண்டு ஓட வேண்டுமாம்.' இதில் அவருக்கு ஏதோ பெரிய வியப்பு இருந்தது.

இனி உன் ஆட்டத்துக்கு வருகிறேன். 22–15. பிஜி எடுத்த 22 புள்ளிகளில் 15 புள்ளிகள் பெனால்டி உதையில் வந்தவை. அதாவது ஐந்து தடவை உன் ஆட்கள் தவறு செய்ய, ஐந்து தடவையும் எதிராளி கம்பங்களுக்கிடையே பந்தை உதைத்து எடுத்துக்கொண்டான். பிஜிக்காரரை ஓட்டக்காரர்கள், பாய்ந்து விளையாடுபவர்கள், கணக்குப் பார்க்காதவர்கள் என்றெல்லாம் சொல்லுவார்கள். அன்று கணக்குப்பிள்ளைபோல விளையாடியவர்கள் அவர்கள்தான். ஜோசுவா டுயிசோவா வைத்த ஒரே ட்ரை (எதிராளியின் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் வைப்பது) அதற்கு மேல் வைத்த வட்டி.

ஒரு வாரம் கழித்து லியோனில் வேல்ஸ் 40, அவுஸ்திரேலியா 6. அதைப் பற்றி எழுத எதுவுமில்லை. பாதியில் நான் படுத்துவிட்டேன்.

உன் கோபம் நியாயம்தான். ஆனால் யார்மேல் என்று கேட்கிறேன். ஜனவரி 16 ஆம் திகதி பயிற்றுநர் டேவ் ரெனியை நீக்கிவிட்டு எடி ஜோன்ஸைக் கொண்டுவந்தார்கள். உலகக் கிண்ணம் தொடங்குவதற்கு அப்போது எட்டு மாதம்கூட இல்லை. ஒரு மாதத்துக்கு முன்புதான் இங்கிலாந்து ஜோன்ஸை அனுப்பியிருந்தது. அவர் சாதாரண ஆள் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2003 இல் அவுஸ்திரேலியாவையும் 2019 இல் இங்கிலாந்தையும் இறுதிப்போட்டிவரை கொண்டுபோனவர். 2015 இல் ஜப்பானைக்கொண்டு தென்னாபிரிக்காவை 34–32 என்று வீழ்த்தியவர். ஆனால் அந்த வெற்றிகளுக்கெல்லாம் அவருக்கு வருடக்கணக்கில் அவகாசம் இருந்தது. இம்முறை வந்ததும் வராததுமாக வீட்டைக் கலைத்துப் புதிதாகக் கட்டத் தொடங்கினார். மழை வரும் மாதத்தில் கூரையைப் பிரித்தவரை நீ பார்த்திருக்கிறாயா? நான் பார்த்திருக்கிறேன். பக்கத்து வீட்டுக்காரர்தான், ஒக்டோபரில்.

125 சர்வதேசப் போட்டிகள் விளையாடிய மைக்கல் ஹூப்பருக்கு அணியில் இடமில்லை. பத்தாம் இலக்கத்தில் அனுபவம் மிகுந்த குவேட் கூப்பருக்கும் இடமில்லை. பத்தாம் இலக்கம் என்பது ஆட்டத்தின் மூளை. எப்போது ஓடுவது, எப்போது உதைப்பது, எப்போது சும்மா இருப்பது என்று தீர்மானிக்கிற இடம். அந்த இடத்துக்கென்றே பழகியவராக கார்ட்டர் கோர்டன் என்ற 22 வயதுப் பையன் ஒருவனைத்தான் பிரான்ஸுக்குக் கூட்டிப்போனார்கள். உலகக் கிண்ணத்துக்கு முன் இந்த வருடம் விளையாடிய ஐந்து போட்டிகளிலும் தோல்வி. பிஜி ஆட்டத்துக்குச் சற்று முன் அணித்தலைவர் வில் ஸ்கெல்டனும் முன்வரிசையின் தூணான டனியேலா டுப்போவும் காயப்பட்டார்கள். விழுவதற்கு இருந்த மதிலில் மாடும் வந்து உரசியது. ஜோன்ஸின் கணக்கு முடிவில் ஒன்பது ஆட்டங்கள், இரண்டு வெற்றிகள். ஐந்து வருட ஒப்பந்தத்தோடு வந்தவர் ஒக்டோபர் முடிவதற்குள் விலகிப் போய்விட்டார்.

இதையெல்லாம் நீயும் அறிவாய். நீ எழுதாத ஒன்று இருக்கிறது. ரிமோட்டை எறிந்தபோது அந்தப் பத்தாம் இலக்கப் பையனை என்ன சொல்லித் திட்டினாய்? இரண்டாம் பாதி தொடங்கிச் சிறிது நேரத்தில் அவனை வெளியே எடுத்தார்களே, அப்போது நீ வாய்மூடி இருந்திருக்க மாட்டாய். உன்னை எனக்குத் தெரியும். அவன் உன் மகனைவிட எட்டு வயதுதான் மூத்தவன். மகன் உன்னோடு பேசாததற்குக் காரணம் பிஜி அல்ல என்பது என் ஊகம்.

எனக்கு இது எப்படித் தெரியும் என்றால், நீ நாட்டைவிட்டுப் போவதற்கு முன் நடந்த ஒன்று. நீ அந்த அணியில் இல்லை, உனக்கு இரண்டு வகுப்பு மூத்தவர்கள். மாவட்டப் பாடசாலைகளுக்கிடையிலான இறுதிப்போட்டி, ஏகாம்பரம் மைதானம். போட்டிக்கு நான்கு நாட்கள் முன்பு இரண்டு மூத்த மாணவர்கள், மதிய வெயிலில் பயிற்சி வேண்டாம் என்று என்னோடு வாதாடினார்கள். ஒருவன் கோல் காப்பாளன். நான் இரண்டு பேரையும் அணியிலிருந்து தூக்கினேன். 'புது இரத்தம் வேண்டும்' என்று அதிபரிடம் பெரிய கதை சொன்னேன். கையுறையை ஒரு பதினைந்து வயதுப் பிள்ளையிடம் கொடுத்தேன். உண்மையில் எனக்கு வேண்டியிருந்தது புது இரத்தம் அல்ல, எதிர்த்துப் பேசாத பிள்ளைகள்.

நான்கு கோல்களால் தோற்றோம். மூன்றாவது கோல் அவனுடைய கால்களுக்கிடையால் போனது. நம் பாடசாலைப் பிள்ளைகளே கம்பி வேலியில் தொங்கிக்கொண்டு அவனைப் பார்த்து ஊளையிட்டார்கள். பெற்றோர் சிலரும் சேர்ந்துகொண்டார்கள். நான் கோட்டுக்கு வெளியே கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். அவனைத் தெரிவு செய்தவன் நான்தான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அடுத்த திங்கட்கிழமை அவன் பயிற்சிக்கு வரவில்லை. அதற்குப் பிறகும் வரவில்லை.

இப்போது அவன் நகரத்தில் ஒரு இரும்புக்கடை வைத்திருக்கிறான். ஆணி வாங்கப் போனால் 'வாங்க மாஸ்டர்' என்று கதிரை எடுத்துப் போடுவான். குடும்பத்தை விசாரிப்பான். விலையில் ஐந்து ரூபாய் குறைக்க மாட்டான். உதைபந்து பற்றி நாற்பது வருடமாக எங்களுக்குள் ஒரு பேச்சும் இல்லை.

மகனிடம் போய் ரிமோட்டுக்காக மன்னிப்புக் கேட்காதே. அந்தப் பத்தாம் இலக்கப் பையனைப் பற்றிச் சொன்னதற்காகக் கேள்.

மு. நஸீர், கிண்ணியா:
அவுஸ்திரேலியாவுக்கும் 11 புள்ளிகள், பிஜிக்கும் 11 புள்ளிகள். பிறகு எப்படி பிஜி மட்டும் காலிறுதிக்குப் போனது?

பதில்: வெற்றிக்கு நான்கு புள்ளிகள். நான்கு ட்ரை வைத்தால் கூடுதலாக ஒன்று. ஏழு புள்ளிகள் அல்லது அதற்குக் குறைந்த வித்தியாசத்தில் தோற்றால் தோற்றவனுக்கும் ஒன்று. அவுஸ்திரேலியாவுக்கு ஜோர்ஜியாவிடமும் போர்த்துக்கலிடமும் ஐந்து ஐந்தாகப் பத்து. பிஜியிடம் சரியாக ஏழால் தோற்றதற்கு ஒன்று. வேல்ஸிடம் பூச்சியம். வேல்ஸிடம் தோற்ற ஆட்டத்திலேயே பிஜிக்கு இரண்டு கிடைத்திருந்தது, பிறகு நான்கும் நான்கும்.

வேடிக்கை என்னவென்றால், அவுஸ்திரேலியர்கள் தங்கள் நான்கு ஆட்டங்களையும் முடித்துவிட்டு ஒரு வாரம் சும்மா இருந்து பிஜி–போர்த்துக்கல் ஆட்டத்தைப் பார்க்க வேண்டியிருந்தது. பிஜிக்கு ஒரு புள்ளி போதும். போர்த்துக்கல் 24–23 என்று பிஜியை வென்றுவிட்டது! உலகக் கிண்ணத்தில் அவர்கள் பெற்ற முதல் வெற்றி. ஆனால் ஒரு புள்ளியால் தோற்றதற்கே பிஜிக்கு ஒரு புள்ளி கிடைத்துவிட்டது. இருவருக்கும் சமம் என்றால் நேருக்கு நேர் வென்றவர் மேலே. அடுத்தவன் தோற்க வேண்டும் என்று நேர்ந்துகொண்டவர்களுக்கு, அவன் தோற்றும் பலன் கிடைக்கவில்லை.

திருமதி வ. சறோஜினி, வவுனியா:
பிஜி போன்ற ஒரு குட்டித் தீவிடம் இவ்வளவு பெரிய நாடு தோற்பது அவமானம்தானே? இதற்கு ஏன் இத்தனை விளக்கம்?

பதில்: அம்மா, உங்களைப்போல நினைத்துத்தான் அவர்களும் போயிருப்பார்கள்.

பிஜியின் சனத்தொகை பத்து இலட்சத்துக்கும் குறைவு என்பது உண்மை. ஆனால் அங்கே பிள்ளைகள் றக்பியை நம் பிள்ளைகள் தெருவில் கிரிக்கெட் விளையாடுவதுபோல விளையாடுகிறார்கள். ஏழுபேர் ஆடும் றக்பியில் 2016 இல் ரியோவில் ஒலிம்பிக் தங்கம் வென்றார்கள். அந்த நாட்டுக்கே அதுதான் முதல் ஒலிம்பிக் பதக்கம். மகிழ்ச்சியில் ஏழு டொலர் நாணயத்தாள் ஒன்றை அச்சடித்தார்கள். அடுத்து டோக்கியோவிலும் தங்கம். பதினைந்து பேர் ஆட்டத்தில் அவர்களுக்கு இருந்த குறை, ஆண்டு முழுவதும் ஒன்றாக விளையாட ஒரு தொழில்முறைக் கழகம் இல்லாதது. 2022 முதல் பிஜியன் துருவா என்ற அவர்களது சொந்த அணி, அவுஸ்திரேலிய, நியூஸிலாந்துக் கழகங்களோடு சூப்பர் றக்பி ஆடுகிறது. பலன் உடனே தெரிந்தது. இந்த ஓகஸ்டில் லண்டன் ட்விக்கன்ஹாமில் இங்கிலாந்தை 30–22 என்று வென்றார்கள். அதற்குப் பிறகும் செப்டெம்பரில் ஒருவர் வியந்தால் அவர் பத்திரிகை படிப்பதில்லை என்று பொருள். அவுஸ்திரேலியாவை அவர்கள் கடைசியாக வென்றது 1954 இல் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். அறுபத்தொன்பது வருடம் காத்திருந்தவர்களுக்குக் கொஞ்சம் மரியாதை கொடுக்கலாம்.

இன்னொன்று. கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறிப் போன தமிழரின் வழிவந்தவர்கள் பிஜியில் இன்றும் இருக்கிறார்கள். நாடி நகரில் சிவசுப்பிரமணிய சுவாமிக்குக் கோபுரத்தோடு பெரிய கோவில் உண்டு. அன்றிரவு நம் முருகன் எந்தப் பக்கம் நின்றிருப்பார் என்பதைச் சிட்னி இரவியும் யோசிக்கட்டும்.

க. தர்மராஜா, நிலாவெளி:
பத்திரிகையில் பக்கம் பக்கமாக றக்பி. திருகோணமலையில் யார் ஐயா றக்பி விளையாடுகிறார்கள்?

பதில்: கடற்படைக்காரர்கள். எங்கள் பிள்ளைகள் இல்லை என்பது சரி. பிரித்தானியர் கொழும்பிலும் கண்டியிலும் தோட்டப்பக்கத்திலும் விதைத்தது அங்கேயே முளைத்துவிட்டது. 1945 முதல் றோயல், திரித்துவக் கல்லூரிகள் ஆடும் பிராட்பி கேடயத்துக்கு அங்கே திருவிழாக் கூட்டம் கூடும். இங்கே உதைபந்துதான் இராசா, அதில் எனக்கு வருத்தமும் இல்லை. ஆனால் நிலாவெளியில் யாரும் பனிக்கட்டியில் சறுக்குவதில்லை, குளிர்கால ஒலிம்பிக்கை நீங்கள் பார்த்ததாகப் போன வருடம் எனக்கு எழுதியிருந்தீர்கள்.

ஒரு மாணவி, மூதூர்:
லியோன் மைதானத்தில் பயிற்றுநர் எடி ஜோன்ஸின் முகம் பெரிய திரையில் வந்தபோதெல்லாம் ரசிகர்கள் ஊளையிட்டார்கள் என்று வாசித்தேன். இது பண்பா?

பதில்: பண்பு இல்லை, பிள்ளை. ஆனால் அந்த ஊளை சரியான ஆளைப் போய்ச் சேர்ந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அறுபது வயதைத் தாண்டியவர், பெருந்தொகை சம்பளம் வாங்கியவர், தானே தெரிவு செய்தவர். தாங்குவார். ஏகாம்பரம் மைதானத்தில் அன்று என்னைப் பார்த்து நாலு பேர் ஊளையிட்டிருந்தால் எனக்கும் நல்லதாகத்தான் இருந்திருக்கும்.

த. கோகுலன், தரம் 10, திருகோணமலை:
சேர், கிரிக்கெட் உலகக் கிண்ணத்திலும் நம் ஆட்கள் இந்தியாவிடம் 55 ஓட்டங்களுக்குச் சுருண்டுவிட்டார்கள். பத்து அணிகளில் ஒன்பதாம் இடம். 1996 இல் நாம் கிண்ணம் வென்றது பற்றி அப்பா சொல்லிச் சொல்லி எனக்குக் காது புளித்துவிட்டது. நான் இனி அவுஸ்திரேலியாவுக்கே ஆதரவு கொடுக்கட்டுமா?

பதில்: கிரிக்கெட்டிலா? தாராளமாக. அவர்கள் இந்த உலகக் கிண்ணத்தில் முதல் இரண்டு ஆட்டங்களிலும் தோற்று, பிறகு ஒன்பதையும் தொடர்ந்து வென்று, நவம்பர் 19 இல் அஹமதாபாத்தில் இந்தியாவிடமிருந்து கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு போனார்கள். ட்ராவிஸ் ஹெட் 137. அதே நாடுதான், அதே வருடம்தான். இரண்டு தோல்விக்குப் பிறகு அவர்கள் அணித்தலைவரை மாற்றவில்லை, ஒருவரை ஒருவர் காட்டிக்கொடுக்கவும் இல்லை. றக்பிக்காரர்கள் அடுத்த தெருவில் போய்ப் படித்திருக்கலாம்.

நம் வீட்டில் நடந்ததைப் பார். 55 ஓட்டங்கள் நவம்பர் 2 இல். நாலு நாளில் கிரிக்கெட் சபையை அமைச்சர் கலைத்தார். நீதிமன்றம் அதை நிறுத்திவைத்தது. 10 ஆம் திகதி ஐ.சி.சி. இலங்கையின் உறுப்புரிமையையே இடைநிறுத்திவிட்டது. மே மாதத்தில் உலக றக்பி அமைப்பும் இலங்கை றக்பிச் சங்கத்தை இதேபோல இடைநிறுத்தியது என்பது உனக்குத் தெரியுமா? ஒரு வருடத்தில் இரண்டு விளையாட்டு, இரண்டுக்கும் காரணம் மைதானத்துக்கு வெளியே நடந்த தலையீடு. 50 இலும் 55 இலும் ஆட்டமிழந்து வந்த பையன்களைத் திட்டி முடிந்தபின், கொஞ்சம் மூச்சை மிச்சம் வைத்திருந்து அந்தப் பக்கமும் திட்டு.

அப்பா 1996 பற்றிச் சொல்லும்போது எழுந்து போகாதே. லாகூரில் அரவிந்த அடித்த சதத்தை அவர் வானொலியில் கேட்டாரா, தொலைக்காட்சியில் பார்த்தாரா என்று கேள். அந்த இரவில் மின்சாரம் இருந்ததா, யார் வீட்டில் இருந்தார், பக்கத்தில் யார் இருந்தார்கள் என்றும் கேள். கிரிக்கெட்டைவிட அதுதான் நல்ல கதையாக இருக்கும்.

பிற்குறிப்பு, சிட்னி இரவிக்கு: 2027 உலகக் கிண்ணம் உங்கள் நாட்டில்தான். மகனுக்கு அப்போது பதினெட்டு வயது. எனக்கு எழுபத்தேழு. விமானச் சீட்டை மருமகன் பார்த்துக்கொள்வதாகச் சொல்கிறான், மைதான டிக்கெட் உன் பொறுப்பு. கடலை நான் கொண்டுவருகிறேன்.